மற்ற வாசல்

அடியேய்,

இன்று காலை கடைசி மணல்பெட்டியின் மூடியைக் கழற்றினேன். ஈரமணல் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. உடனே உன் குரல். மணலை ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தண்ணி தெளியடி, பொலபொலவெண்டு கிடக்கு. உதுக்குள்ளை கிண்டினால் இடிஞ்சு தலையிலை விழும்" என்று சொல்லுவாயே, அந்தக் குரல். செத்துப்போயும் வேலைத்தலத்தில் என்னை அதிகாரம் பண்ணுகிறாய்.

அந்தப் பெட்டியில் இருந்த எலிக்கிழவி நேற்றுச் செத்துவிட்டாள். அவளோடு எங்களுடைய எலிகள் முடிந்தன. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் மனுசனிடம் சொன்னால் சிரிப்பார். பிள்ளைகளிடம் சொன்னால் "சோ சாட், அம்மா" என்றுவிட்டு போனைப் பார்ப்பார்கள். உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருக்க ஏலவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஊரைவிட்டு இங்கே வந்து, அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே கிழமையில்தான் சேர்ந்தோம். கீழ்மாடி, யன்னல் இல்லாத அறை, எலிக்குத் தீன் வைத்துக் கூடு துப்புரவாக்கும் வேலை. சனத்துக்கு எலி பார்க்கிறோம் என்று சொல்ல வெட்கப்பட்டு, "லாப்பிலை வேலை" என்று சொல்லிவைத்தோம். அதன்பிறகு கோயிலுக்குப் போனால் போதும், ஆரோ ஒரு மாமி தன் கொலஸ்ரோல் ரிசல்ட்டோடு வந்து நிற்பா. நீ அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்து, "மாமி, வடையைக் குறையுங்கோ" என்பாய். எலி பார்க்கிறவளின் வைத்தியம்! அந்த மாமி இன்றைக்கும் வடையைத் தொடுவதில்லையாம். போன வெள்ளிக்கிழமை உன்னைக் கேட்டா. செத்துப்போனாய் என்று சொன்னேன். அங்கேயே இருந்து அழுதா.

என் கோலியர்ஸ் வுட் வீட்டுக் குசினியில் எலி வந்து, கவுன்சில்காரன் பொறி வைத்துவிட்டுப் போன கதை நினைவிருக்கிறதா? "வேலையிலை எலிக்குத் தாலாட்டு, வீட்டிலை எலிக்குப் பொறி" என்று என் மனுசன் பகிடி பண்ண, உனக்கு வந்ததே கோபம். "அண்ணை, உங்கடை குசினி எலி உலகம் முழுக்க இருக்கு. இது ஒரேயொரு கரையிலைதான் இருந்தது. போனால் போனதுதான்" என்றாய்.

அது உண்மைதான். அமெரிக்காவின் தெற்கே ஒரு கடற்கரை. அங்கே மணல்மேட்டில் மட்டும் வாழ்கிற எலி. மணல் நிறத்திலேயே முதுகு, பால் நிறத்தில் வயிறு. நிலவு வெளிச்சத்தில் ஆந்தை பார்த்தாலும் மணலென்று நினைக்க வேண்டும். ஆணும் பெண்ணும் சோடியாகவே இருக்கும். மணலைப் பிடித்து வைத்திருக்கிற ஒரு புல்லின் விதையைத் தின்னும், கொஞ்சத்தைப் புதைத்துவிட்டு மறக்கும். மறந்த விதை முளைத்து மேட்டைக் காக்கும். அந்தக் கரைக்கு ஏதும் நடந்தால் இவையாவது மிஞ்சட்டும் என்று கொண்டுவந்த சில சோடிகளின் பேரப்பிள்ளைகளைத்தான் நாங்கள் பார்த்தோம். நீ அவற்றுக்குப் பேர் வைக்க விடவில்லை. "பேர் வைச்சால் பிறகு அழவேணும்" என்றாய். ஆனால் "எங்கடை ஆக்கள்" என்றுதான் எப்போதும் சொன்னாய்.

முதன்முதல் மணல்பெட்டி வைத்த கிழமையை நான் மறக்கமாட்டேன். பிறந்ததிலிருந்து மரத்தூளைத் தவிர வேறொன்றும் காணாத எலி. மணலில் விட்டதும், தாய் சொல்லிக்கொடுத்தது மாதிரிக் கிண்டத் தொடங்கியது. பிறகு எலியை எடுத்துவிட்டு, மனேஜர் மனுசி கரண்டியால் மணலை மெல்ல மெல்லச் சீவிக் காட்டினா. நீளமான ஒரு பாதை சரிவாக இறங்கியது. அடியில் கூடு. கூட்டுக்குப் பின்னால் இன்னொரு பாதை, நேரே மேலே ஏறி, மணலின் மேற்பரப்புக்கு ஒரு விரல்கடை கீழே நின்றுவிட்டது. வாசலால் பாம்பு வந்தால் எலி இந்தப் பக்கம் ஓடி, அந்த மெல்லிய மணலை முட்டி உடைத்துக்கொண்டு வெளியே பாயுமாம். அதுவரைக்கும் அது மூடித்தான் இருக்குமாம்.

மனேஜர் சொல்லி முடித்தா. நீ சுவரோடு சாய்ந்து நின்றாய். உன்னைத் தேத்தண்ணி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் சொன்னாய்.

"ஊரிலை ஷெல்லடிக்கு ஒளிக்க வெட்டின எங்கடை பங்கருக்கு ஒரு வாசல்தான் விட்டிருந்தினம். வாசலிலை ஷெல் விழுந்திது. பக்கத்து வீட்டாக்கள் கையாலை கிண்டி என்னை எடுத்துப்போட்டினம். தங்கச்சியை எடுக்கேக்குள்ளை..." எழும்பிப்போய்க் கோப்பையைக் கழுவினாய். கழுவிக்கொண்டே, "இந்தச் சின்னச் சீவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குத் தெரியேல்லையேடி" என்றாய். இத்தனை வருசப் பழக்கத்தில் தங்கச்சியைப் பற்றி நீ சொன்னது அந்த ஒருமுறைதான்.

அன்றைக்குத்தான் எனக்கு மற்றதெல்லாம் விளங்கியது. கலியாண மண்டபத்துக்குப் போனால் பொம்பிளை மாப்பிளையைப் பார்க்க முன்னம் பின்கதவைத் தேடுவாய். தள்ளித் திறந்து பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் இருப்பாய். எனக்கும் கைப்பையை வைத்து ஒரு கதிரை பிடித்திருப்பாய். தாலி கட்டுவதும் தெரியாது, சாப்பாடும் கடைசியாகத்தான் வரும். நான் திட்டாத திட்டில்லை. "கோதாரி, உன்னோடை வந்தால் கலியாணவீட்டிலை வாசல்காவல்தான்!" நீ சிரித்துக்கொண்டு, "எங்கை போனாலும் முதல் மற்ற வாசலைப் பார். பிறகு சோத்தைப் பார்" என்பாய்.

எங்கடை ஆக்கள் ஒருநாள் அந்தக் கரைக்குத் திரும்பிப் போவினம் என்று நீ நம்பினாய். நான் நம்பவில்லை, வாயால் சொல்லவுமில்லை. ஸ்ட்ரெதம் போகிற பஸ்ஸில் ஒருநாள் சொன்னாய்: "நாங்கள்தான் ஊருக்குப் போகேல்லை. இவை போவினம்."

"உனக்குப் போக விருப்பமோ?" என்று கேட்டேன்.

"எனக்கு அங்கை ஆர் இருக்கினம்?" என்றுவிட்டு மணியை அடித்து இறங்கிப் போனாய்.

பிறகு எலிகளின் அந்தக் கரையில் புயல் வந்தது. மேட்டைக் கடல் கொண்டுபோனது. மிஞ்சிய இடத்தில் வீடுகள் எழும்பின, வீட்டுக்கு வீடு வெளிச்சம், வீட்டுக்கு வீடு பூனை. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்று நாங்கள் சின்னனில் சொன்னது பகிடிக்கு. வெளிச்சம் விழுகிற மணலில் இவை தீன் தேட வெளியே வராது. இங்கே இருந்தவையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, பிறக்கிற குட்டிகள் தேறவில்லை. கொண்டுபோய் விட மணலும் இல்லை, விடுவதற்குத் தெம்பான எலியும் இல்லை. இனிக் குட்டி வேண்டாம், ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கோ என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு மனேஜரும் எங்களோடு இருந்து கூடு துடைத்தா. ஆரைக் கோபிக்கிறது? கோபிக்க ஒரு ஆள் கிடைத்தாலாவது ஆறுதலாக இருக்கும்.

"சோடி சேர்ந்ததுகளை எப்பிடியடி பிரிக்கிறது?" என்றாய். கூட்டுக் கதவை நீ திறக்கவேயில்லை. நான்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வேறு கூட்டில் வைத்தேன். பின்னேரம் முழுக்க ஆண் எலிகள் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. நீ போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தாய்.

அதற்குப் பிறகு உனக்குப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தால், உன்னைப் பற்றி நான் கேட்க முன்னம் நீ அவற்றைக் கேட்பாய்.

"ஆக்கள் என்ன செய்யினம்?"

"கிண்டுகினம்."

"மற்ற வாசல்?"

"வைக்கினம், வைக்கினம். நீ கஞ்சியைக் குடி."

கடைசியாக நான் வந்த அன்று, தலையைத் திருப்பி அறையை ஒருக்கால் சுற்றிப் பார்த்தாய். யன்னல் திறக்காத யன்னல். "இஞ்சை வாசல் ஒண்டுதானடி" என்றாய். "விசரி, பேய்க்கதை கதையாதை" என்று உன்னை ஏசினேன். வெளியே வந்து லிப்டுக்குள் அழுதேன். நீ போனதில் எனக்கு இன்னும் கோபம்தான். துக்கம் ஆறும் என்கிறார்கள். கோபம் ஆறுமா என்று ஒருவரும் சொல்லவில்லை.

கிழவிக்கு வருகிறேன். கண் மங்கி, மயிர் உதிர்ந்து, தனியே இருந்தாள். கடைசிக் காலத்தில் மரத்தூளில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மனேஜரைக் கேட்டு மணல்பெட்டியில் விட்டேன். நல்லாய்த் தண்ணி தெளித்துத்தான் விட்டேன், பயப்படாதே. தீன் தின்னவே எழும்பாதவள், மணலைக் கண்டதும் கிண்டினாள். ஒருநாள் கிண்டுவாள், இரண்டு நாள் படுப்பாள். நேற்றுக் கூட்டுக்குள் சுருண்டு கிடந்தாள்.

இன்று அவள் கிண்டிய பாதையை நானே கரண்டியால் சீவினேன். சரிவு, கூடு, பிறகு மேலே போகிற மற்றப் பாதை. அந்த வயதிலும் வைத்திருந்தாளடி. ஒரு விரல்கடை மணல் மூடியபடி, திறக்காமல். ஒரு நாளும் பாம்பைக் கண்டதில்லை, கடலைக் கண்டதில்லை, அவளுக்குப் பிறகு அந்த இனத்தில் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வைத்திருந்தாள். நான் விரலால் அந்த மணலை உடைத்துத் திறந்துவிட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே. துளைக்கு மேலே அறையின் ரியூப் லைட்தான் எரிந்தது.

வாற சனிக்கிழமை சவுத்தாலில் ஒரு கலியாணம். மனுசன் முன்வரிசையில் இருப்போம் என்கிறார். நான் போய்ப் பின்கதவைத் தேடுவேன், தள்ளித் திறந்து பார்ப்பேன், அதற்குப் பக்கத்தில்தான் இருப்பேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். கதவு எங்கே என்று பார்க்கப் பழக்கிவிட்டாய். அதால் வெளியே ஓடி எங்கேயடி போவது? அதை மட்டும் நீ சொல்லவேயில்லை.