அப்பா குடித்த சூப்

ஹூஸ்டன்,
12.5.2024

அன்புள்ள யுகேன் அண்ணனுக்கு,

அப்பா மெனுவைத் திறக்கவே இல்லை. இங்கே வந்து நான் முதலில் கவனித்தது அதைத்தான். கடையில் உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒன்று கொடுக்கிறார்கள், கல்யாண ஆல்பம் போலக் கனமாக. அப்பா அதை மூடியபடியே அம்மா பக்கம் நகர்த்திவிட்டு, "எனக்கு ரொட்டியும் கோப்பியும் போதும்லா" என்கிறார். எல்லாக் கடையிலும் இதேதான்.

உடம்பு அரிப்பு குறைந்ததா? அங்கே போன் கொடுக்காததால் எல்லாவற்றையும் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. நாங்கள் நலம், ஆனால் களைப்பாக இருக்கிறது. புனிதா அக்கா இங்கே தன் வீட்டில் அடுப்பே பற்ற வைப்பதில்லை. "லீவுக்கு வந்துட்டு எதுக்கும்மா சமையல்?" என்று அம்மாவைக் குசினிக்குள் விடுவதில்லை. காலையில் ஒரு கடை, மதியம் ஒரு கடை, இரவுக்கு ஒரு கடை. வேனில் ஏறி, இறங்கி, பெயர் கொடுத்துக் காத்திருந்து, கூப்பிட்டதும் எழுந்து போய் உட்கார வேண்டும். எல்லா இடமும் ஒரே குளிர். கேட்காமலே கிளாஸ் நிறைய ஐஸ் போட்டுத் தண்ணீர் வைக்கிறார்கள். பரிமாறும் பெண் சிரித்தபடி வந்து தன் பெயரைச் சொல்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். வாயில் சாப்பாடு இருக்கும்போது பார்த்துத்தான் மறுபடியும் வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்பாள். மிஞ்சியதைப் பெட்டியில் கட்டித் தருகிறார்கள். அக்கா வீட்டு ஐஸ்பெட்டியில் அந்தப் பெட்டிகள்தான் நிறைந்திருக்கின்றன.

அம்மா கைப்பையில் மிளகாய்ச் சம்பால் போத்தல் வைத்திருக்கிறார். மேசைக்கு அடியில் திறந்து எடுத்து உருளைக்கிழங்கில் தடவிக்கொள்கிறார். நேற்று இளங்கீரன் அத்தான் பார்த்துவிட்டார். அம்மா மூடியைத் தேடித் தடுமாற, "அத்தை, எனக்கும் ஒரு கரண்டி போடுங்க" என்று தட்டை நீட்டினார். நல்ல மனிதர். அவரிடம் போய் இப்படிப் பொய் சொல்லி வைத்திருக்கிறோமே என்று இருக்கிறது. நீ சிங்கப்பூரில் வேலை செய்வதாகத்தான் அவருக்கு இன்னமும் தெரியும். "யுகேனுக்கு லீவு கிடைக்கலையா மாமா?" என்று கேட்டார். அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "கிடைக்கல" என்றார்.

கிளம்பும் முன் வந்த உன் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. ஜூலை 26 உன்னைப் போதை மறுவாழ்வு மையத்திலிருந்து விடுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வரமாட்டாய், அங்கே உன்னோடு இருக்கும் ரூபனுடன் ஜொகூருக்குப் போய்விடுவாய். இதை அப்பாவிடம் சொல்லிவிடு என்று எழுதியிருந்தாய். நான் இன்னும் சொல்லவில்லை. எந்தக் கடையில், எந்த மேசையில் வைத்துச் சொல்வது? அப்பாதான் உன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். அதன் பிறகு இரண்டு வருடமாக ஒரு தடவைகூட உன்னைப் பார்க்க வரவில்லை. உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்துவிடு அண்ணே.

உன் தங்கை,
தினேஸ்வரி


சான் அந்தோனியோ,
19.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு தப்பு செய்துவிட்டேன். அதை உனக்குத்தான் எழுத முடியும்.

இந்த ஊருக்கு வரும் வழியில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பெரிய கடையில் நிறுத்தினார்கள். அத்தான் போன் பேச வெளியே நின்றுவிட்டார். அக்காவும் அம்மாவும் கைகழுவப் போனார்கள். மேசையில் அப்பாவும் நானும் மட்டும். கொழுப்புக்காக டாக்டர் இறைச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டதால், பத்து நாளாக வெறும் ரொட்டி தின்று அப்பா முகம் வற்றிக் கிடந்தது. "சூடா சூப்பு ஏதாச்சும் இருக்கா பாரும்மா" என்றார். அவராகக் கேட்டது அது ஒன்றுதான்.

பார்த்தேன். அன்றைய சூப் என்று தனியாக எழுதியிருந்தது. முதலில் காய்கறி, அதற்குப் பக்கத்தில் மாட்டிறைச்சி. இரண்டு சொல்லையும் சரியாகத்தான் படித்தேன் அண்ணே. ஈப்போவில் சீனர் சைவக் கடையில் சைவ ஆட்டிறைச்சி, சைவக் கோழி என்றுதானே எழுதியிருக்கும்? எல்லாம் சோயாவில் செய்ததுதானே? அதையே நினைத்துக்கொண்டேன். காய்கறி என்று போட்டிருந்தால் பக்கத்தில் எந்த இறைச்சியின் பெயர் இருந்தாலும் அது பொய்க்கறிதான் என்று. அப்பாவிடமும் அப்படியே சொன்னேன். பரிமாறும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. விரலால் தொட்டுக் காட்டினேன்.

அப்பா முழுக் கிண்ணத்தையும் குடித்தார். "நம்ம ஈப்போ சைவக் கட சாமான் மாதிரியே இருக்குலா. அத விட மெதுவா இருக்கு. நல்லாத்தான் செய்றானுங்க." அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் பசித்தது.

அத்தான் உள்ளே வந்து கிண்ணத்தைப் பார்த்தார். "மாமா மாட்டிறைச்சி சாப்பிடுவீங்களா? எனக்குத் தெரியாமப் போச்சே. நேத்தே நல்ல கடைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றார், சந்தோஷமாக.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேனுக்குப் பின்னால் புல்லில் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை.

மாடு சாப்பிட்டதற்குத்தான் இப்படி என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக் கழிவறைப் பக்கம் இழுத்துப் போனார். "உங்கப்பா ரெண்டு வருஷமா மச்சமே, மீனு கறி எதுவுமே தொடலடி. அண்ணன ஸ்டேஷன்ல விட்ட அன்னைக்கே நேரா முனியாண்டி கோயிலுக்குப் போயி சொல்லிட்டாரு. அவன் திருந்தி நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கிற வரைக்கும் தொடமாட்டேன்னு." டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னதாக வீட்டில் சொன்னதெல்லாம் பொய்யாம். "அவன்கிட்ட மட்டும் சொல்லாத. அதுக்காக வந்த மாதிரி ஆயிரும், அவனா வரணும்னு சொல்றாரு" என்றார் அம்மா.

இதோ, உன்னிடம் நான் சொல்லிவிட்டேன்.

வேன் கிளம்பியது. பிறகு அப்பா என் பக்கம் திரும்பாமலே, "நீ தெரியாமத்தான சொன்ன. விடு" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

இப்போது உப்பையும் விட்டுவிட்டார், செய்த குற்றத்துக்காம். இந்த ஊர்க் கடைகளில் உப்பில்லாமல் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்காக நானே கேட்கிறேன். இன்று மூன்று தரம் கேட்டேன்.

தினேஸ்வரி


மையம்,
9.6.2024

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இங்கே அதிகாரிகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஜெயபாலன் சார் மட்டும்தான். எங்கள் கடிதங்களை முதலில் அவர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். காலையில் வரிசையில் நிற்கும்போதே, "டேய் யுகேந்திரன், அமெரிக்கா போயி உங்கப்பாவுக்கு மாட்டு சூப்பு குடுத்துட்டாளாடா உன் தங்கச்சி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடிதத்தைப் படித்த பிறகு தட்டுக் கழுவும் இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

சூப்புக்காக நீ அழாதே. என்னால் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நீ. உன் இங்கிலீஷில் குறை இருந்தால் அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

ஆனால் அப்பாவை நினைத்தால் எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. நீயும் அம்மாவும் மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வந்து வெயிலில் நின்றீர்கள். புந்தோங்கில் நம் வீட்டிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும்? மச்சம் சாப்பிடாமல் இருக்கத் தெரிந்தவருக்கு ஒரு பஸ் ஏறத் தெரியவில்லையா? ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்திருக்கிறேன். கோழியைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அது போதும்.

ஜொகூர் விஷயத்தைச் சொன்னாயா இல்லையா?

அண்ணன்,
யுகேந்திரன்


புந்தோங்,
17.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊருக்கு வந்து சேர்ந்தோம். பகலில் தூக்கம் சொக்குகிறது. கச்சாங் பூத்தே பலகாரக் கடையில் முறுக்குப் பாக்கெட் கட்டிக்கொண்டே நேற்று கண்ணசந்துவிட்டேன். முதலாளியம்மா, "அமெரிக்கா மயக்கம் இன்னும் தெளியலியா?" என்கிறார். அக்கா வாங்கிக் கொடுத்த சட்டையை யாரிடமும் காட்டவில்லை.

நீ எழுதியதை அப்பாவிடம் கேட்டேன். உன் கடிதம் என்று சொல்லவில்லை, நானாகக் கேட்பது போலக் கேட்டேன். லாரிக்கு அடியில் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். முகம் தெரியாததால்தான் என்னால் கேட்க முடிந்தது.

"ஏம்ப்பா நீங்க அண்ணனப் பாக்கப் போகல?"

முடுக்குவது நின்றது. "போனா கூட்டிட்டு வந்துருவேன்" என்றார்.

"அது எப்படிக் கூட்டிட்டு வர முடியும்? விடமாட்டாங்களே."

"எப்படியாச்சும் செய்வேன். யார் கால்லயாச்சும் விழுவேன். முன்ன ரெண்டு தடவ அவன் பிடிபட்டப்ப அப்படித்தான வெளிய எடுத்தேன்? அழுதான், எடுத்தேன். எடுத்து எடுத்துத்தான் அவன் அந்த நெலமைக்கு வந்தான். மறுபடியும் அவன் அழுது நான் பாக்க முடியாதும்மா."

அப்புறம் ஸ்பேனர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஜொகூர் பற்றிச் சொல்லவில்லை. அப்பா 26ஆம் தேதிக்கு, பின்வீட்டுச் சீனி அண்ணனின் வேனைச் சொல்லி வைத்திருக்கிறார். லாரியில் கூட்டி வந்தால் உனக்கு வெட்கமாக இருக்குமாம். அம்மா உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பார்க்கிறார். இதற்கு நடுவில் நான் எப்படிச் சொல்வேன்? நீயே யோசித்து எழுது.

தினேஸ்வரி


மையம்,
30.6.2024

அன்புத் தங்கைக்கு,

யோசித்தேன். ஆனாலும் யார் பொறுப்பில் விடுவது என்று கேட்கும் பாரத்தில் ரூபனின் மாமா பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன். ஜொகூரில் அவருக்கு வொர்க்ஷாப் இருக்கிறது. எங்கள் இரண்டு பேரையும் பொறுப்பெடுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அப்பா மேல் இருந்த கோபம் உன் கடிதத்தோடு போய்விட்டது. அது போன பிறகும் வீட்டுக்கு வர எனக்குத் தைரியம் வரவில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இது கோபம் இல்லை என்று. நம் லோரோங் சந்து முனையில் மோட்டாரை நிறுத்திக்கொண்டு நிற்கும் என் பழைய கூட்டாளிகள் இன்னமும் அங்கேதான் நிற்கிறார்கள். அமெரிக்கா போகும் முன் பார்க்க வந்தபோது நீயே சொன்னாய். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, என்னைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். முதல் நாளே வீட்டுக்கு வருவார்கள். நான் இரண்டு நாள் தாங்குவேன். மூன்றாம் நாள் எனக்குத் தெரியாது.

வாசப்படியை மிதித்துவிட்டுப் போகலாம்தான், அப்பாவின் நேர்த்திக்கடனுக்காக. ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். உள்ளே வந்து அம்மா கையால் சாப்பிட்டால் திரும்பிக் கிளம்பமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

யாரும் 26ஆம் தேதி மையத்து வாசல் கேட்டுக்கு வரவேண்டாம். அம்மா முகத்தைப் பார்த்தால் வேனில் ஏறிவிடுவேன். அப்பாவைச் சாப்பிடச் சொல். நான் சொன்னதாகச் சொல்.

யுகேந்திரன்


புந்தோங்,
9.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். அப்பாவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று மனத்துக்குள் பேசிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் வேறொன்றாக மாறியது. நேற்று அப்பா வேலை முடிந்து குளித்து வந்ததும், கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அம்மா குசினிக் கதவில் நின்று, "என்னங்க? எத்தன மணிக்கு விடுறாங்களாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவன் வரல. ஜொகூருக்குப் போறான்" என்றார் அப்பா.

அம்மா என்னைத்தான் திட்டினார். எனக்கு முதலிலேயே தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு உன்னைத் திட்டினார். பிறகு, "அப்ப நீங்க சொன்ன நேர்த்தி? அவன் படி மிதிக்காம எப்ப முடிக்கிறது? சாகுற வரைக்கும் இப்படியேவா?" என்று அப்பாவிடம் அழுதார்.

"அது எனக்கும் முனியாண்டிக்கும் உள்ளது. அவன ஏன் அதுல இழுக்குற?" என்றார் அப்பா. கடிதத்தை மறுபடி விரித்து, "மூணாம் நாள் தெரியாதுன்னு எழுதியிருக்கான் பாரு. முன்ன எல்லாம் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்ல. ஒண்ணுமில்லப்பா, நான் பாத்துக்கிறேன்பான்" என்றார். கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் திருப்பித் தரவில்லை.

நீ சொன்னதைச் சொன்னேன், சாப்பிடச் சொன்னாய் என்று. "சரி" என்றார். ஆனால் சாப்பிடவில்லை. இன்றும் அதே சோறு, அதே கீரைதான்.

அம்மா இன்று காலையில் எழுந்திருக்கவில்லை. தலைவலி என்கிறார். வெள்ளையடிக்க வந்த ஆள் வாளியோடு வாசலில் நின்றார். அப்பா அவரை உள்ளே விட்டு, அறையைக் காட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மோட்டாரை எடுத்தவர் நிறுத்தி, "சீனிகிட்ட நீயே சொல்லிடுறியாம்மா? எனக்கு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல" என்றார்.

கடை விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, பின்வீட்டுக்குப் போய், 26ஆம் தேதிக்கு வேன் வேண்டாம் என்று சீனி அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் தங்கை,
தினேஸ்வரி