நாற்பது கஜத்தில் கீழே விழுந்த அம்பு

அக்டோபர் 4, சனி

கார்வின் ப்ரூவிட் நேற்று சாயங்காலம் நாற்பது கஜத்தில் நின்ற ஓர் ஆண்மானைத் துப்பாக்கி மாதிரி விசை வைத்த குறுக்குவில்லால் அடித்தான், நெஞ்சில் பட வேண்டிய அம்பு முன்னங்கால் தொடங்கும் இடத்தில் பட்டது, மான் ஓடிவிட்டது. இன்று காலை வில்மாவின் சாப்பாட்டுக் கடையில் முட்டையும் பன்றிக்கறியும் தின்றுகொண்டே, நான் விற்று மாட்டிக்கொடுத்த ஸ்கோப், அதாவது வில்லின் மேல் வைத்துக் குறி பார்க்கிற கண்ணாடி, கோணல் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறான்.

வில்மாதான் போன் செய்தாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாத, ஓபல். தொண்ட கிழியக் கத்துனான். அவன் கப்புல காப்பி ஊத்தக்கூட விடல."

கோணலாம்! பழைய டிரக்கின் பின்பக்கத்தில் தூண்டில் புழு விற்று இந்த வேட்டைச் சாமான் கடையை ஆரம்பித்தவள் நான். இந்த ஒஹாயோ மலைப்பக்கத்தில் என் கை மாட்டிய ஸ்கோப்பைப் பற்றி இதுவரை ஒருத்தன் வாயைத் திறந்ததில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

தேவாலயத்தில் இரண்டு பேர் என் முகத்தைப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். பாட்டு அப்போது முடிந்திருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

ஸ்கோப் மாட்டக் கொடுத்திருந்த மூன்று பேர் வில்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "அவசரம் இல்ல ஓபல், அப்புறம் பாக்கலாம்." வேட்டைக் காலம் தொடங்கிய பிறகு அவசரம் இல்லையாம். யாரிடம் கதை விடுகிறார்கள்? குளிர் வருவதற்குள் ஓடுகிற வியாபாரம்தான் இந்தக் கடையைத் தாங்குகிறது. இப்படியே போனால் பனி விழும்போது கதவைச் சாத்த வேண்டியதுதான்.

திருகாணியை இறுக்கும்போது கை தவறியிருக்குமோ? இல்லை. தவறவில்லை. — தவறியிருந்தால்?

இதை என் வாயால் என்னையே கேட்க வைத்துவிட்டான் பார், அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

பொறுக்க முடியாமல் அவன் பண்ணைக்கே போனேன். மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு நாங்கள். அப்போதும் வாய்தான் முதலில் வரும் அவனுக்கு.

"என் ஸ்கோப்புல என்னய்யா கோணல்?"

"இருபது கஜத்துலேர்ந்து அம்பது வரைக்கும் நாலு தூரத்துக்கும் நானே குறி பாத்தேன், ஓபல். எல்லாம் கச்சிதம். மானப் பாத்ததும் சரிஞ்சிருச்சு. உன் கடத் தூசி உள்ள போயிருக்கும்."

"உன் வாய்க்குள்ள போயிருந்தா ஊருக்கே புண்ணியம். சனிக்கிழமை என் அம்புப் பயிற்சி மைதானத்துக்கு வில்ல எடுத்துட்டு வா. எல்லார் முன்னாலயும் விட்டுக் காட்டு."

"வரமாட்டேன்னு நெனச்சியா?"

"ஸ்கோப் கோணலா இருந்தா நானே வில்மா கடையில நின்னு சொல்றேன்."

திரும்பும்போது ஸ்டியரிங்கைக் குத்தினதில் கை வீங்கிவிட்டது. முட்டாள்தனம். வலது கை வேறு.

அக்டோபர் 11, சனி

வந்தான். ஊரில் பாதியும் வந்தது. வில்மா கடையைப் பூட்டிவிட்டே வந்தாள்.

அந்த ஸ்கோப்புக்குள் மேலிருந்து கீழாக நாலு கோடு: இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது. இருபதில் முதல் கோட்டைச் சரிசெய்து, ஐம்பதுக்குப் போய், அம்பின் வேகத்துக்கு ஏற்றபடி வேக வளையத்தைத் திருப்பிக் கடைசிக் கோட்டைச் சேர்த்தால், நடுவில் உள்ள இரண்டும் தானாக வந்து உட்காரும். கார்வின் அதைச் சரியாகவே செய்திருந்தான். நாலு தூரத்திலும் குறிக்கு வைத்த நுரைக்கட்டியின் நடுவில் அம்பு போய் நின்றது.

எனக்கு மூச்சு வந்தது. கூடவே ஆத்திரமும்.

"இப்ப எங்க கோணல்?"

"இன்னைக்கு இல்ல," என்றான்.

"லீவு போட்டுருக்கு போல," என்றாள் வில்மா.

அப்போதுதான் அவன் கையில் இருந்த அம்புகளைப் பார்த்தேன். எல்லாம் பழகுவதற்கு நான் விற்கிற மெல்லிசு அம்பு. "மானுக்கும் இதத்தான் விட்டியா?"

"பைத்தியமா எனக்கு? மானுக்கு நல்ல அம்பு." டிரக்கிலிருந்து எடுத்து வந்தான். தடித்த அம்பு, பித்தளைக் கனம் வைத்த தலை, சவரக்கத்தி மாதிரி அகல முனை.

"இத ஒருதடவையாவது இந்தக் கட்டியில விட்டுப் பாத்தியா?"

"அந்த முனைய எவனாவது கட்டியில விட்டு மழுக்குவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பல பேர் அடுத்த நொடி தங்கள் அம்புக்கூட்டைக் குனிந்து பார்த்ததையும் பார்த்தேன்.

விடச் சொன்னேன். இருபதில் ஒரு விரல் கீழே; யாரும் கண்டுகொள்ளாத அளவு. நாற்பதில் உள்ளங்கை அகலம் கீழே. மெல்லிசு அம்பின் வேகத்துக்கு வைத்த கோடு கனத்த அம்புக்கு எப்படிப் பொருந்தும்? மெதுவாகப் போவது அதிகமாகத் தாழும். அவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு வாரம் என் பெயரை நாறடித்தான்.

வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். மானின் வலியைச் சொன்னேன், அவன் கஞ்சத்தனத்தைச் சொன்னேன். அவன் கட்டியில் அம்பு நின்ற இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஓடை வரைக்கும் ரத்தம் இருந்துச்சு, ஓபல். ரெண்டு நாள் தேடுனேன். கெடைக்கல."

அதைக் கேட்டும் என் கோபம் போகவில்லை. ஆனால் கட்டியில் குத்தியிருந்த அம்பை நானே பிடுங்கி அவனிடம் கொடுத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் நுழையாது, நானும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, "என்ன செய்யணும், சொல்லு," என்றான்.

பேசி முடித்தது இது. வில்மா கடையில் எந்த மேஜையில் கத்தினானோ அதே மேஜையில், அதே சத்தத்தில், தப்பு தன்னுடையது என்று சொல்ல வேண்டும். பனி விழும்வரை சனிக்கிழமை காலைகளில் என் மைதானத்தில் நின்று, வருகிறவர்களிடம் வேட்டைக்குக் கொண்டுபோகிற அம்பையே நாலு தூரத்திலும் விடச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் அந்த மானைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் முப்பது கஜத்துக்கு மேல் அவன் வில்லைத் தூக்கக் கூடாது. கனத்த அம்புக்கு ஸ்கோப்பை நான் கூலியில்லாமல் திருத்திக் கொடுப்பேன். மான் விழுந்தால் ஒரு பின்தொடை எனக்கு. எலும்போடு.