மேலே நிற்பவர் வாய் மூடக் கூடாது

என் உயிரின் மூடிமேல் நான்கு மணி நேரம் குந்தியிருந்த ஹனீபா மச்சானுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிவிட்டது. துபாய் இன்னும் தேறவில்லை. உலகத்திலேயே உயரமான அந்தக் கோபுரம் உனக்காக மூன்று அங்குலம் தலை குனிந்து நின்றதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மீன்கள் ஒரு வாரம் கரைப்பக்கமே வரவில்லை. கராமாவில் நாம் வழக்கமாகப் போகிற கடைக்காரர் அன்று முழுக்கச் சீனி போடாமல் தேநீர் ஊற்றினார். சீனி தீர்ந்துபோனதால்தான் என்கிறான் நம் வேலையாள் முருகேசன். அவனுக்குத் துக்கம் அனுஷ்டிக்கிற முறை தெரியாது.

பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து வாசிக்கிறவர்களுக்காக நம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்த இரண்டு பேர், ஒரு ஏணி, இரண்டு வாளி, ஒரு பிரஷ். நம் கம்பெனி தொடங்கியபோது அவ்வளவுதான் இருந்தது. மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கிகளுக்குள் இறங்கிக் கழுவுவது தொழில். இந்த அமீரகத்தில் நம் கை படாத தாங்கி கிடையாது. ஒட்டகத்தின் வயிற்றுக்குள் தண்ணீர் தேங்கும் என்று யாரோ சொல்ல, அதையும் கழுவித் தரட்டுமா என்று நம் லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்ட அரபுப் பெரியவரிடமே கேட்டவன் நான். அவர் சிரித்தார். ஒட்டகம்கூடச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

நீ எதற்குத்தான் சிரித்தாய்? எதற்குத்தான் பேசினாய்? இத்தனை வருஷம் ஒரே வான் வண்டியில் போய் வந்தோம். நீ பேசிய சொற்களை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடலாம், குச்சிகளை வெளியே எடுக்காமலே.

இப்போது செய்திக்கு வருகிறேன். கம்பெனியில் ஒரு சதி நடந்தது. செய்தவள் என் மகள் துளசி.

நீ படுக்கையில் விழுந்த பிறகு நிர்வாகத்தை அவள்தான் பார்க்கிறாள். பாதுகாப்பைப் பற்றி ஏதோ படித்து, சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டியிருக்கிறாள். ஆபீஸில் உன் கையெழுத்தில் தொங்குமே, நம் ஏழு விதிகள் எழுதிய அட்டை, அதை எடுத்து வைத்துக்கொண்டு புதுப் புத்தகம் போட்டாள். முதல் ஆறு விதிகளையும் அழகான இங்கிலீஷில் மாற்றியிருந்தாள். ஏழாவதை வெட்டிவிட்டாள்.

ஏழாவது விதி: “தாங்கிக்குள் ஆள் இருக்கும்வரை மேலே நிற்பவர் வாய் மூடக் கூடாது.”

“ஏன் பிள்ளை அதை வெட்டினனீ?” என்று கேட்டேன்.

“அப்பா, இப்ப காஸ் மீட்டர் இருக்கு. வாக்கி டாக்கி இருக்கு. முப்பது செக்கனுக்கு ஒருக்கா பீப் அடிக்கும். பிறகும் எதுக்கு ஒரு ஆள் மேல நிண்டு அலட்டிக்கொண்டிருக்கோணும்? கஸ்டமர்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்ணுகினம்.”

கம்ப்ளெய்ன்ட் வந்தது உண்மைதான். ஷார்ஜாவில் ஒரு கட்டிடம். குடியிருப்பவர் ஒரு திருநெல்வேலி அம்மா. மேலே நின்ற முருகேசன் விதிப்படி பேசியிருக்கிறான். தன் மச்சினன் கல்யாணத்தில் பந்தியில் நடந்த சண்டையை ஆதியோடந்தமாக எடுத்து விட்டிருக்கிறான். அது குளியலறைக் காற்றுக்குழாய் வழியாக அந்த அம்மாவின் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. அவர் எழுதிய கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் பத்து வரி கோபம். கடைசி வரியில், பெண் வீட்டார் சாப்பிட்டுவிட்டுப் போனார்களா, சாப்பிடாமலே போனார்களா என்று கேட்டிருந்தார். இதுவா முறைப்பாடு? இது நேயர் கடிதம்.

துளசி அசையவில்லை. “ஒரு காரணம் சொல்லுங்கோ அப்பா. ஒண்டே ஒண்டு. சொன்னீங்கள் எண்டா அந்த ரூலை வைக்கிறன்.”

அந்த விதி போனால் இந்தப் பூமியில் உன் பேரில் மிச்சம் ஒன்றுமில்லை, மச்சான். லெட்டர்ஹெட்டில்கூட என் பெயர்தான் பெரிது. ஆகவே, வாழ்நாளில் சொல்லாததைச் சொன்னேன்.

“எண்பத்திமூண்டில, தமிழாக்களைத் தேடித் தேடி அடிச்சு கொழும்பு எரிஞ்ச அந்த ஜூலையில, ஹனீபா மாமா என்னை ஒரு மொட்டை மாடித் தண்ணித் தாங்கிக்குள்ள ஒளிச்சு வச்சவர். மேல இருந்து கதைச்சுக்கொண்டே இருந்தவர்.”

அவள் என் தோளைத் தட்டினாள். நோயாளியைத் தட்டுகிற மாதிரி. “இது எத்தனையாவது வேர்ஷன், அப்பா?”

அவளைக் குறை சொல்ல முடியுமா? சின்ன வயதில் அவள் கேட்டபோது, களனி ஆற்றில் முதலை மேல் ஏறித் தப்பினேன் என்றேன். லைசென்ஸ் பெரியவரிடம் அரபிக்கடலை நீந்திக் கடந்தேன் என்றேன். அவளுடைய கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் முன்னிலையில், ஒற்றைப் பலாப்பழத்தால் இருநூறு பேரை அடித்து விரட்டினேன். நீயாவது மறுத்தாயா? அவள் ஓடிவந்து “மாமா, உண்மையா?” என்று கேட்கிறபோதெல்லாம் “ஓம் மகள்” என்று தலையாட்டினாய். முதலை என்ன நிறம் என்று கேட்டதற்கு “பச்ச” என்றாய். அந்த வருஷம் முழுக்க நீ பேசியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். முதலைக்குச் சாட்சி சொன்னவனை வைத்துக்கொண்டு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவேன்? அந்தச் சாட்சியும் இப்போது இல்லை.

ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மச்சான். உள்ளேயிருந்து முதலைதான் வந்தது.

“சரி. நாளைக்கு கராமா வேலைக்கு நீயும் வா” என்றேன் அவளிடம்.

மறுநாள் காலையிலேயே அங்கே வெயில் எப்படி என்றால், பறந்துகொண்டிருந்த காகம் பொரிந்து நம் வாளிக்குள் விழுந்தது. கழுவித் துடைத்து வெறுமையாக இருந்த தாங்கிக்கு முன்னால் நின்று, நான் இறங்கப் போகிறேன் என்று அறிவித்தேன். முருகேசன் குறுக்கே வந்து நின்றான்.

“மொதலாளி, சொன்னாக் கேளுங்க. இந்த வயித்த வச்சுக்கிட்டு அந்த ஓட்டைக்குள்ள எறங்குனீங்கன்னா, வெளிய எடுக்க கிரேனுதான் கொண்டாரணும்.”

“டேய், இது வயிறில்லை. கம்பெனியின்ர அத்திவாரம்.”

அத்திவாரம் சிக்கிக்கொண்டது. மேல் பாதி அமீரகத்திலும் கீழ்ப் பாதி தாங்கியிலுமாகக் கொஞ்ச நேரம் இரண்டு உலகங்களையும் ஒரே சமயத்தில் ஆண்டேன். முருகேசன் இரண்டு தோளிலும் கை வைத்து “யல்லா மொதலாளி!” என்று அமுக்கினான். உள்ளே போய் விழுந்தேன்.

மூடியைப் பாதி சாத்தச் சொன்னேன். துளசி மேலே உட்கார்ந்தாள். இருட்டு. என் மூச்சு எனக்கே இரண்டு தடவை கேட்டது. பீப் என்றது மிஷின். கொஞ்சம் பொறுத்து மறுபடி பீப். நீ உயிரோடு இருக்கிறாயா என்று அது என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும். மேலே யாராவது இருக்கிறார்களா என்பதுதான் தெரியவில்லை.

“பிள்ளை, அதை நிப்பாட்டிப்போட்டு நீ கதை.”

“என்னத்தைக் கதைக்க?”

“எதையாவது. ஹனீபா குழாய்ச் சாமான்களின்ர பேர் சொன்னவன். சொக்கட், எல்போ, டீ, வால்வு. முடிஞ்சா திரும்பவும் சொக்கட்.”

அவள் சாமான் பேர் சொல்லவில்லை. கேள்வி கேட்டாள். “எவ்வளவு தண்ணி நிண்டது?”

“நெஞ்சளவு.”

அடுத்த வாக்கியத்துக்கு முதலை வரும் என்று நானே காத்திருந்தேன். வரவில்லை.

“மாமா ஏன் அங்க வந்தவர்?”

“அந்தக் கட்டிடத்தில குழாய் திருத்த வந்தவன். எனக்கு அவன்ர பேர்கூடத் தெரியாது. கீழ கதவை உடைக்கிற சத்தம் கேட்டது. ‘உள்ளுக்கு எறங்குடா. எண்ட சத்தம் கேக்குற வரைக்கும் நான் மேல இரிக்கேன்’ எண்டு சொல்லித் தள்ளிவிட்டவன்.”

“அவங்கள் மேல வரேல்லையா?”

“வந்தவங்கள். ‘சனம் குடிக்கிற தண்ணி, சப்பாத்துக் காலோட கிட்ட வராத’ எண்டு சிங்களத்தில ஏசினான். அதில ஒருத்தன், தன்ர வீட்டுக் குழாய் ஒழுகுது, என்ன செய்யலாம் எண்டு கேட்டான். என்ன வாஷர் போடோணும் எண்டு ஹனீபா பத்து நிமிஷம் விளங்கப்படுத்தினவன். கையில பொல்லுத்தடியோட நிண்டு கேட்டிட்டுப் போனாங்கள்.”

முருகேசன் சிரிக்கிற சத்தம் கேட்டது. துளசியும் சிரித்தாள். பிறகு அவளுக்கு ஏதோ உறைத்தது. “அப்பா, குடிக்கிற தண்ணியா? நீங்க அதுக்குள்ள நாலு மணித்தியாலமா…”

“அதைக் கேக்காத. அந்தக் கட்டிடத்துச் சனம் ஒரு கிழமை, ஏழு நாளும், அதைத்தான் குடிச்சது. அந்தப் பாவத்துக்குத்தான் இந்தக் கம்பெனி.”

சிரிப்பு அடங்கியது. அந்த ஜூலையோடு இல்லாமல் போன என் அண்ணரைப் பற்றிக் கேட்டாள்: “பெரியப்பாவின்ர கடையும் அதே ரோட்டிலதானே?”

“ஓம்.”

“பெரியப்பா அண்டைக்குக் கடையில நிண்டவரா?”

“ஓம்.”

“மேல இருந்து பாத்தா கடை தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஹனீபா மாமா என்ன பாத்தவர்?”

மச்சான், வழக்கமான தவராசா என்றால் இந்த இடத்தில் வானத்தைப் பிளந்திருப்பான். அண்ணரை யானை மேல் ஏற்றி, கையில் வாளைக் கொடுத்து, ஆயிரம் பேரைச் சாய்க்க வைத்திருப்பான். நான் வாயைத் திறந்தபடியே இருந்தேன். யானையும் வரவில்லை, வாளும் வரவில்லை.

“தெரியாது, பிள்ளை. ஒருக்கா அவன்ர சத்தம் நிண்டது. கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை. பிறகு சொக்கட், எல்போ எண்டு திரும்பவும் தொடங்கினவன். அதுக்குப் பிறகும் நான் கேக்கேல்லை. அவனும் சொல்லேல்லை.”

மேலே யாரும் பேசவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. பழைய குளிர் முழங்காலில் ஏறத் தொடங்கியது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத தாங்கியில்.

அப்போது மூடிக்குப் பக்கத்திலிருந்து என் மகளின் குரல் கேட்டது. மூக்கடைத்திருந்தது. “சொக்கட்… எல்போ… பிறகென்ன, அப்பா?”

“டீ.”

“டீ… வால்வு… சொக்கட்… எல்போ…”

“யூனியனு, ரெடியூசரு, அதையும் சேத்துக்கங்கம்மா” என்றான் முருகேசன். அவனும் மூக்கை உறிஞ்சினான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

என்னை வெளியே எடுத்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மூன்று ஆள், ஒரு கயிறு, முக்கால் போத்தல் சோப்புத் தண்ணீர். கிரேன் வரவில்லை. கீழே தெருவில் கைதட்டிய கூட்டத்தை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள். துளசி மூன்று பேர் என்கிறாள்.

வான் வண்டியில் திரும்பும்போது அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “நீங்க தெரியாது எண்டு சொன்னதை இண்டைக்குத்தான், அப்பா, வாழ்க்கையில முதன்முதலாக் கேட்டனான்.” அதற்குமேல் சாட்சி எதுவும் கேட்கவில்லை.

ஏழாவது விதி புத்தகத்தில் மறுபடி ஏறிவிட்டது. மீட்டரும் இருக்கிறது, பீப்பும் இருக்கிறது, மேலே நிற்கிறவனின் வாயும் இருக்கிறது. என்ன பேச வேண்டும் என்ற இடத்தில் ‘எதுவும்’ என்று எழுதியிருக்கிறாள். விதிக்கு உன் பெயரையே வைத்துவிட்டாள். பையன்கள் இப்போது “இன்னைக்கு ஹனீபா டூட்டி யாரு?” என்றுதான் கேட்கிறார்கள். ஒரு வார்த்தை பேசாத உன் பெயர், மச்சான், இந்த ஊரில் ஓயாமல் பேசுகிற வேலைக்குப் பெயராகிவிட்டது. திருநெல்வேலி அம்மாவுக்கும் துளசி பதில் போட்டாள்: பெண் வீட்டார் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், பாயசம் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நேற்று உன் மண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். காவலாளி வந்து, “பாய், கலாஸ், ஜல்தி” என்று வாசலைக் காட்டினார். பாவம், அவருக்கு ஏழாவது விதி தெரியாது.

அன்று நீ மேலே, நான் உள்ளே. இப்போது இடம் மாறிவிட்டது. நீ என்ன பார்த்தாய் என்று இனியும் கேட்கமாட்டேன். அதைச் சொல்லாமல் வைத்திருக்க நீ எத்தனை பாரம் சுமந்தாய் என்று மட்டும் சில நேரம் நினைத்துக்கொள்வேன். முதலையைப் பச்சையாகவே விட்டுவிடுகிறேன். பேரப்பிள்ளைகளுக்கு அது வேண்டும்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும், வெள்ளிக்கிழமை தவறாமல், மேலே சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பயப்படாதே. சொக்கட், எல்போ, டீ, வால்வு.

மேலே டூட்டியில் நிற்கும்
உன் மச்சான்,
தவராசா