மைக் அக்காவைப் பார்க்கப் போகிறேன்

அன்புள்ள டீச்சருக்கு,

நாங்கள் மூன்று பேரும் ஓரளவு ஒழுங்காகவே இருக்கிறோம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொன்ன எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. மில்லில் வழக்கம்போல வேலை நடக்கிறது, மைக் அக்கா லீவில் இருக்கிறார் என்றெல்லாம் ஒப்பித்தேன் அல்லவா? என்ன இது, எழுதி வைத்துப் படிப்பதுபோலப் பேசுகிறீர்கள் என்று நீகூடச் சிரித்தாய். அந்தப் போன் மில் கொடுத்தது. போன வாரம் குமாஸ்தாக்களின் போனையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று வாங்கிப் போனார்கள். மற்றவர்களுடையது அன்று மாலையே வந்துவிட்டது. என்னுடையது வர இரண்டு நாள் ஆனது. அதனால்தான் கடிதம். கல்யாணத்துக்கு முன்பு எழுதியதோடு சரி. அப்போதும் உன் அம்மாவுக்குத் தெரியாமல்தான் எழுதினேன், இப்போதும் அப்படித்தான்.

அத்தையையும் குட்டியையும் நேற்று மத்தியானம் பஸ் ஏற்றி உன் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை உனக்குக் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போயிருக்கிறாள். பள்ளிக்கூடம் நடக்கும்போது எதற்கு ஊருக்கு என்று அத்தை கேட்டார். வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போகிறேன் என்றேன். சுவரை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்து வைத்தார். உன் அம்மாவை இத்தனை நாள் நான் குறைவாக எடை போட்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் படிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உலகமயமாதலும் உலகப் பொருளாதாரமும் என்று உன் படிப்பின் பெயரைக் கேட்டதும் எங்கள் கேட் காவலாளி, ஒரு வருடத்தில் இத்தனையையும் முடித்துவிடுவார்களா என்று கேட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாடு விட்டு நாடு போகும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், அது எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்று எழுதுங்கள் என்று உங்கள் பேராசிரியர் சொன்னதாக நீ சொன்ன அன்று எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. நீ பழைய காகிதத்தை எடுத்தாய். எங்கள் மில்லில் கூழாக்கும் காகிதக் கட்டுகள் நீ படிக்கிற அந்த நாட்டிலிருந்துதான் கப்பலில் வருகின்றன. இந்த முனையில் நான், அந்த முனையில் நீங்கள், நடுவில் கடல்தான் என்று சொன்னாயே, ஏதோ நாம் இரண்டு பேரும் சேர்ந்து பரீட்சை எழுதுவதுபோல இருந்தது எனக்கு.

ஒரு மாதம் என்னென்ன வருகிறது என்று குறித்துத் தரச் சொன்னாய். எடைமேடையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு லாரி பாரமாகப் போவதும் லேசாகத் திரும்புவதும்தான் தெரியும். உள்ளே இருப்பது கட்டுப் பிரிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் மைக் அக்காவிடம் போனேன். உனக்கு அவரைப் பார்த்த ஞாபகம் இருக்காது. கம்பியை வெட்டிக் கட்டுகளைப் பிரித்து ஓடும் பெல்ட்டில் போடுகிற ஒன்பது பெண்களில் அவர்தான் தலைவி. அத்தனை மிஷின் சத்தத்துக்கு மேலேயும் அவர் குரல் என் கண்ணாடி அறைவரை வரும். அதனால்தான் அந்தப் பெயர்.

நான் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது:

"பேருதான் காகிதம், தம்பி. பிரிச்சுப் பாத்தா ஆஸ்பத்திரி வருது."

மருந்துப் பாட்டில், ரப்பர் குழாய், ரத்தம் காய்ந்த பஞ்சு, ஊசி. பத்துக் கட்டுக்கு இரண்டு அப்படி. காகிதம் அல்லாததை மில்லுக்குப் பின்னால் குழியில் கொட்டி எரிக்கிறார்கள். அந்தப் பக்கத்துத் தெருக்களில் புகை வந்தால் காயப்போட்ட துணியை எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. முப்பத்தொரு நாளும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டாவது வாரம் கையுறையைத் தாண்டி அவர் விரலில் ஊசி குத்தியது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். ஆறியது போல இருந்தது. பிறகு காய்ச்சல் வந்தது, கை முழங்கைவரை வீங்கியது. மில் டாக்டர் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். இதையெல்லாம் அந்தப் போனில்தான் உனக்கு எழுதி அனுப்பினேன். புத்திசாலி நான்.

நீ அதைக் கட்டுரையில் சேர்த்தாய். ஊர் பெயர் போடவில்லை, ஆள் பெயர் போடவில்லை. பதினாறு பேர் இருக்கும் வகுப்பில் பேராசிரியர் அதை வாசித்துக் காட்டினார் என்று நீ சொன்ன நாள், குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தேன். இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும் என்று காகிதம் அனுப்பும் கம்பெனிக்கும் அவர் ஒரு பிரதி அனுப்பினார் அல்லவா? நான் அவரைக் குறை சொல்லவில்லை. நியாயமான மனிதர் என்றுதான் தெரிகிறது. அந்தப் பிரதி எத்தனை கை மாறி எங்கே வந்து சேரும் என்று அவர் யோசித்திருக்கலாம். உங்கள் பாடமே அதுதானே.

அது இங்கே வந்து சேர்ந்தது. போன வாரத்துக்கு முந்தின வாரம் வெள்ளை ஷூ போட்ட இரண்டு பேர் கட்டுகளைச் சுற்றி நடந்தார்கள். ஒருவர் கையில் உன் கட்டுரை, வரிக்கு வரி அடிக்கோடு போட்டிருந்தது. அன்றைக்கு மைக் அக்காவால் வலது கையைத் தூக்கவே முடியவில்லை. மத்தியானமே மில் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்றோடு பன்னிரண்டு நாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. தேடி வர அவருக்கு இந்த ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரி என்றார். எது என்றேன். பெரியது என்றார்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். திட்டுவார் என்று பயந்து போனேன். திட்டியிருக்கலாம். எழுந்து வந்து அவரே ஃபேனைக் கூட்டி வைத்தார். டீச்சரம்மா படிப்பு எப்போது முடிகிறது, அந்த ஊர்க் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். உனக்கு உதவித்தொகை தருகிற அறக்கட்டளையில் தனக்குத் தெரிந்தவர்கள் இருப்பதாகச் சொன்னார். பிறகு சொன்னார்:

"உங்க பொண்ணு நல்லா படிக்குதாம். மூணாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். காத்து அடிக்கிற இடம், பாத்துக்கங்க."

அப்புறம் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். நான் குறித்துக் கொடுத்ததெல்லாம் என் கற்பனை, மில்லுக்குள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அதில் அச்சடித்திருந்தது. வீட்டில் வைத்து நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார்.

குட்டி வகுப்பில் எங்கே உட்காருகிறாள் என்று எனக்கே தெரியாது. சாயந்திரம் கேட்டேன். மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம்தான். இன்றைக்குத்தான் மிஸ் இடம் மாற்றினார்கள் என்றாள்.

நான் எவ்வளவு தைரியசாலி என்று உனக்குத் தெரியும். பல்லி விழுந்தால் உன்னைக் கூப்பிடுகிறவன். ஆனால் அந்த அறையை விட்டு எழுந்திருக்கும்போது வாய் தானாகச் சொன்னது: "மைக் அக்காவ ஒரு தடவ பாத்துடுறேன் சார். பாத்துட்டு வந்து போடுறேன்." மேனேஜர் காலண்டரைப் பார்த்தார். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கார் வரும் என்றார். நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

நேற்று ஷிஃப்ட் மாறும்போது கட்டுப் பிரிக்கிற பெண்களிடம் இந்த மாதிரி போகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒருத்தி மறுபடி கம்பியை வெட்டப் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். இன்று காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். குளித்து, தலை வாரி, நல்ல துணி உடுத்தி வந்திருக்கிறார்கள். ஒருத்தி கையில் பிளாஸ்க், இன்னொருத்தி கையில் மைக் அக்காவுக்கு மாற்றுத்துணி. நாங்களும் வர்றோம் என்றார்கள். நம் வீட்டில் எட்டு டம்ளர் இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தி என் ஷேவிங் மக்கில் டீ குடித்தாள். கழுவித்தான் கொடுத்தேன்.

கார் வந்துவிட்டது. டிரைவர் எனக்குத் தெரிந்தவர்தான், முன்பு லாரி ஓட்டி என் மேடையில் தினமும் ஏறி இறங்கியவர். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இத்தன பேரா? அங்க போயி இப்ப என்னத்தப் பாக்கப் போறீங்க?"

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த கார்க் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். பெண்கள் எல்லோருக்கும் அது கேட்டது. மாற்றுத்துணி வைத்திருந்தவள் அதைப் பிரித்து மறுபடி மடித்தாள். இன்னும் மடித்துக்கொண்டே இருக்கிறாள்.

இப்போது டிரைவர் கேட்டுக்கு வெளியே நின்று மேனேஜரிடம் போனில் பேசுகிறார். காரில் இடம் இல்லை என்றால் பஸ்ஸில் போவோம். எங்கே என்று டிரைவர் சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவரை நாங்கள் எட்டுப் பேரும் அவரை விட்டு நகர்வதாக இல்லை.

எட்டுப் பேர் என்றது என்னையும் சேர்த்து. வந்த பெண்களில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் எங்களோடு வரவில்லை. பின்பக்கக் கதவில் நிற்கிறாள், இதை வாங்கிப் போய் அடுத்த ஊர்த் தபாலாபீசில் போடுவாள். முப்பத்தொரு நாள் குறிப்பும் என் கையெழுத்திலேயே உள்ளே இருக்கிறது. மேனேஜர் கொடுத்த தாளும் இருக்கிறது, கையெழுத்துப் போடாமல். இரண்டையும் பேராசிரியர் கையில் கொடு. இந்த முறை பிரதி எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம், அவரே எடுத்துக்கொண்டு எங்கே போக வேண்டுமோ அங்கே போகச் சொல்.

போன் செய்யாதே. செய்தால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வேன். பரீட்சை முடியாமல் டிக்கெட் எடுக்காதே. குட்டியோடு பேச வேண்டுமானால் சித்தி வீட்டு எண் உன்னிடம் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். கட்டுரையில் அந்த அக்காவைப் பற்றி எழுதியதெல்லாம் நிகழ்காலத்தில் இருக்கிறது. கம்பியை வெட்டுகிறார், கட்டைப் பிரிக்கிறார், சத்தமாகச் சிரிக்கிறார் என்று. திருத்தச் சொல்லி அங்கே யார் சொன்னாலும், நான் எழுதும்வரை அதை மாற்றாதே.

நன்றாகச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. நீ எடுத்த பொருளில் தப்பு ஒன்றும் இல்லை.

என்றும் உன்
எடைமேடைக்காரன்