விடாத மழை

ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் நலம். அத்தைக்குத்தான் கஞ்சிகூட இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "அவன ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்பதே பேச்சு. மாலையில் ரேடியோவில் உங்கள் ஊர் மழையளவு சொல்லும்போது மட்டும் முகம் மலர்கிறது. "எம் புள்ள அளந்தது. ஒரு சொட்டு கூட்டிச் சொல்ல மாட்டான்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை வேறு. லீவு போட்டு வாருங்கள்.

அன்புடன்,
சின்னு

ஜூலை 10

அன்புள்ள சின்னுவுக்கு,

பெற்ற தாயைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையில்லையா? இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. பாலம் மூழ்கி, பஸ் நின்றுவிட்டது. மழைமானிக் குப்பி நிரம்பி வழிகிறது; குடையோடு போய் அளந்துவிட்டு வருவதற்குள் தொப்பலாகிவிடுகிறேன். மழை விடட்டும், வருகிறேன். நீ இருக்கும்போது அம்மாவைப் பற்றி எனக்கென்ன கவலை?

உன்,
அத்தான்

ஜூலை 18

அத்தான்,

பாலம் மூழ்கியும் உங்கள் கடிதம் நனையாமல் வந்து சேர்ந்தது. ரேடியோவில் உங்கள் ஊருக்குத் தினமும் 'மழை இல்லை'. அளந்து அனுப்புவது நீங்கள்தானே? கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டியது என் புத்திகெட்டதனம். "கடுதாசில மழை, ரேடியோவுல வெயிலா?" என்றார்கள். பிறகு ரேடியோவை அணைக்கச் சொன்னார்கள்.

போன தடவை நோயாளி வாடை தாங்காமல் வாசலோடு திரும்பினீர்கள். அதையே எழுதியிருக்கலாம்.

சின்னு

ஜூலை 24

அன்புள்ள சின்னுவுக்கு,

மழைமானிப் புனலில் இலை அடைத்துக்கொண்டது. அதனால்தான் குப்பியில் தண்ணீர் சேரவில்லை. கருவியை நம்பி, கட்டின புருஷனைச் சந்தேகப்படுகிறாயே! அம்மாவிடம் பக்குவமாகச் சொல். மழை விட்டதும் வருகிறேன்.

உன்,
அத்தான்

ஆகஸ்ட் 2

அத்தானுக்கு,

முதல் கடிதத்தில் குப்பி வழிந்தது, அடுத்ததில் புனல் அடைத்துக்கொண்டது. நீங்கள் சொன்னபடியே பக்குவமாகப் படித்துக் காட்டினேன். "பாவம், வாயில்லாத கருவி. அது மேலயா பழி போட்டான்?" என்றார்கள். அதன்பிறகு வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியும்போது போய்விட்டார்கள்.

ஆகவேண்டியதையெல்லாம் என் தம்பி பார்த்துக்கொண்டான். உங்களுக்குத் தந்தி அடிக்கவில்லை. பாலம் மூழ்கிக் கிடக்கும் ஊரிலிருந்து எப்படி வருவீர்கள்?

நானும் தம்பியோடு கிளம்புகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. வீட்டைக் கழுவிவிட்டேன், வாடை எதுவும் இல்லை.

இனி நீங்கள் மழையை நிறுத்திக்கொள்ளலாம்.

சின்னு