வழுக்காத தரை

போடிநாயக்கனூர்,
16.7.2025

அன்பு மகள் அபிஷாவுக்கு அம்மா ஞானபாக்கியம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உன்னிடமிருந்துதான் நாலு நாளாக ஒரு வார்த்தையும் இல்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இன்று ராத்திரி பஸ்சில் பெங்களூர் திரும்புகிற உன் சித்தி மகள் பவித்ராவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ போனை எடுத்திருந்தாலும் இதை என்னால் சொல்லியிருக்க முடியாது. நீ கத்துவாய், நானும் கத்துவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும்.

மலையில் ஒரு வாரமாக விடாத மழை. ஏலக்காய் எடுக்க ஆட்கள் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. அப்பா கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று பாலத்தில் நின்று பார்த்தேன். முன்பெல்லாம் தண்ணீரைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். நேற்று அப்படி இல்லை.

நீ போகப்போவதாகச் சொல்லி அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். குடகில் அந்த ஆறு பாறைக்குப் பாறை முட்டிக்கொண்டு வருகிறது. தலையில் சட்டியைக் கவிழ்த்து, உடம்பில் மெத்தையைக் கட்டிக்கொண்டு எட்டுப் பேர் ரப்பர் படகில் உட்கார்ந்து அலறுகிறார்கள். இந்தக் குலுக்கலுக்கு அவ்வளவு தூரம் போகணுமா, நம் போடிமெட்டு ஜீப்பில் பின்சீட்டில் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்டேன். நீயும் சிரித்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீ கேட்ட கேள்விகள் இன்னும் காதில் நிற்கின்றன. "மூணு வருசமா எனக்கு ஒண்ணுமே வரலம்மா. டாக்டரே மாத்திரையக் குறைச்சுட்டாரு. நீ மட்டும் ஏன் என்னைய இன்னும் நோயாளியாவே வச்சிருக்க? படகுக்காரங்க ஃபார்ம்ல நோய் இருக்கான்னு கேட்டா இல்லைன்னு போட்டுக்கிறேன். ஹாஸ்டல் ஃபார்ம்ல அப்படிப் போடச் சொன்னதே நீதான" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

அபி, மூன்று வருஷம் இல்லை. ஏழு மாதம்கூட ஆகவில்லை.

போன கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், விடியற்காலை பல் தேய்க்கப் பின்பக்கம் போனாயே, அன்று நீ வழுக்கி விழவில்லை. உனக்கு வலிப்பு வந்தது. உனக்குப் பதினாறு வயதில் முதல் தடவை வந்ததிலிருந்து இந்தச் சொல்லை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். துவைக்கிற கல் பக்கத்தில் கிடந்தாய். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் என் முந்தானையைச் சுருட்டி வைத்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு அது ஒரு யுகம். பிறகு நீ தூங்கிவிட்டாய். எழுந்தபோது தலை வலிக்கிறது, நாக்கு எரிகிறது என்றாய். பாசி வழுக்கி விழுந்துவிட்டாய், அப்போது நாக்கைக் கடித்துக்கொண்டாய் என்று சொன்னேன். நீ நம்ப வேண்டும் என்று, பாசியே இல்லாத தரையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன்.

மறுநாள் தேவாரத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சுந்தரம்மாள் அக்கா கொண்டுவந்த சம்பந்தம். அவர்கள் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. அந்தக் கேசரிக்காக நான் உன்னிடமே மறைத்துவிட்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. பாவம் அந்த மனுஷர், பிள்ளை விழுந்துவிட்டதே என்று ஆள் விட்டுச் சொரசொரப்பான டைல்ஸ் பதித்தார். ஈரக்காலோடு ஓடினாலும் வழுக்காது. அதில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கால் கூசும்.

ஈஸ்டருக்கு நீ வந்தபோது தேனியில் டாக்டரைப் பார்த்தோம். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். மூணு வருஷம் ஆச்சு சார் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். அவர் அதை நம்பித்தான் மாத்திரையைக் குறைத்தார். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நான் செய்ததில் பெரிய பாவம் அதுதான்.

திங்கட்கிழமை உன் பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு தனியாக அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "இத உங்க மகளுக்கு யாரும்மா சொல்றது, நீங்களா நானா?" என்று மட்டும் கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

படகு விஷயத்தையும் கேட்டேன். இந்த முறை வேண்டாம் என்றார். அந்த மெத்தைச் சட்டை உடம்பை மிதக்க வைக்குமாம். ஆனால் சுழலில் விழுந்த நேரத்தில் வலிப்பு வந்தால் வாயிலும் மூக்கிலும் தண்ணீர் போவதை அதனால் தடுக்க முடியாதாம். வெளியில் பார்க்கிறவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாதாம். உன்னை நேரில் பார்க்க வேண்டும், அதுவரை மாத்திரையை நீயாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றார். ஆயுசுக்கும் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நீண்ட காலம் வராமல் இருந்தால், கூட வருகிறவர்களிடமும் படகுக்காரரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போகலாமா என்று அப்போது பார்த்துச் சொல்கிறாராம். நீ எப்படியும் ஒரு நாள் போவாய் என்று எனக்குத் தெரியும். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ராத்திரி அவர் சாப்பிடவில்லை. காலையில் பின்பக்கம் போய் அந்த டைல்ஸ் மேல் ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "மூட்டையில ரெண்டு பிஞ்சுக்காய் கெடந்தாக்கூட வாங்க வர்றவன்கிட்ட சொல்லித்தான விக்கிறேன் பாக்கியம்" என்றார். வியாபாரத்தில் அவர் யாரோ ஒருவனுக்குக் காட்டுகிற நேர்மையை, பெற்ற பிள்ளைக்கு நான் காட்டவில்லை.

இனி அந்த ஃபார்மில் உள்ளதை உள்ளபடி எழுது. ஆபீசிலும் நெருங்கிய ஒருத்தியிடமாவது சொல்லி வை. சம்பந்தம் வந்தால் முதல் பேச்சே இதுவாக இருக்கட்டும், நானே சொல்கிறேன். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும். வருகிற சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். படகுக்குப் போவதாக இருந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமைதானே. இதைப் படித்த பிறகு போவதும் போகாததும் உன் கையில். உனக்குத் தெரிய வேண்டியது இத்தனை நாள் என்னிடம் இருந்தது, இப்போது கொடுத்துவிட்டேன்.

பவித்ராவிடம் முறுக்கும், அப்பா பொறுக்கி வைத்த ஏலக்காயும் கொடுத்திருக்கிறேன். அவளிடம் கோப முகம் காட்டாதே, அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கடையில் யார் காதிலும் விழக் கூடாது என்று, இத்தனை வருஷம் தினமும் ஒன்பது மணிக்கு "சாப்ட்டியா" என்று கேட்டேன். சோற்றைக் கேட்கவில்லை, மாத்திரையைத்தான் கேட்டேன். அது உனக்கும் தெரியும். "சாப்ட்டேன்" என்று நீ சொன்ன பிறகுதான் நான் தட்டில் கை வைப்பேன். நாலு நாளாக அந்த வார்த்தை வரவில்லை.

கர்த்தர் உன்னைக் கண்ணின் மணியைப் போலக் காக்கட்டும். என் மேல் கோபமாகவே இரு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் "சாப்ட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பு, ஆத்தா.

உன் அம்மா,
ஞானபாக்கியம்