ஆயிரத்து ஐந்நூறு கலோரி

சத்துவாச்சாரி, வேலூர்
13.6.1999

அன்புள்ள தம்பி ஜோவினுக்கு,

அக்கா ஃபீபி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இருக்கிறோம். நீயும் ஜெமியும் குட்டி ரெனால்டும் சுகமா? போனில் பேசலாம் என்றால் உங்கள் கம்பெனி ஆபீசில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் இன்லண்ட் கடிதம்.

டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். அம்மாவுக்குச் சர்க்கரை, அவர்கள் கிட்னி ஆகாது. உன்னுடையது எனக்குப் பொருந்துகிறது. ஆனால் தொண்ணூற்றெட்டு கிலோ ஆளை அறுக்க மாட்டாராம். எண்பத்தைந்துக்கு இறங்கி வா என்கிறார்.

கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா? ஆஸ்பத்திரி டயட் மேடத்தைப் பிடித்து எல்லாம் கேட்டுக்கொண்டேன். உன் உயரம், வயது, கம்பெனியில் நாள் முழுக்க நின்று ஆட்களை மேய்க்கிற வேலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உன் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு கலோரி செலவழிக்கிறது. அதில் ஆயிரத்தைக் குறைத்து ஆயிரத்து ஐந்நூறில் நின்றால் வாரம் ஒரு கிலோ போகும். சீக்கிரம் இளைக்கிறேன் என்று அதற்கும் கீழே போகாதே, தலை சுற்றும். காலையில் மூன்று இட்லி. மதியம் ஒரு கப் சோறு, மீன் குழம்பு, காய் எவ்வளவு வேண்டுமானாலும். ராத்திரி எண்ணெய் இல்லாத இரண்டு சப்பாத்தி. ஒரு பிளேட் பிரியாணி உன் பாதி நாளை விழுங்கிவிடும், ஞாபகம் வைத்துக்கொள்.

வேடிக்கை என்னவென்றால் அதே மேடம் என்னைப் பார்த்து, "நீங்க ஜாஸ்தி சாப்பிடணும், இளைச்சிக்கினே போறீங்க" என்று திட்டினார். உன் தட்டில் எடுப்பதை என் தட்டில் போட வேண்டியதுதான்.

வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் படுக்கிறேன். நீ இளைக்கிற வரைக்கும் தாங்குவேன். பயப்படாதே.

உன் அக்கா,
ஃபீபி


ஆம்பூர்
18.7.1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஜெமி சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டாள். இட்லியை எண்ணித்தான் வைக்கிறாள். நாலாவது கேட்டால் உன் எழுத்தைக் காட்டுகிறாள்.

நேற்று எங்கள் தோல் குடோன் தராசில் ஏறிப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு. பேண்ட் கொஞ்சம் லூசு ஆனது மாதிரி இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் அமீர் பாஷா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசனை பிடித்துவிட்டு வந்துவிட்டேன், நம்பு.

அடுத்த ஞாயிறு வர முடியாது. ஏற்றுமதி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கிறது. ஜெமி விசாரித்தாள். அவள் ஆபரேஷனைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. ராத்திரி ஜெபத்தில் மட்டும் அழுகிறாள்.

உன் தம்பி,
ஜோவின்


வேலூர்
8.8.1999

அன்புள்ள ஜோவினுக்கு,

தொண்ணூற்று நாலு என்று படித்ததும் அம்மா இன்லண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டார்கள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் குறையும். அதனால் இனி ஆயிரத்து நானூறு. சாயங்கால டீயில் சர்க்கரையை விட்டாலே அது வந்துவிடும்.

எனக்குப் பக்கத்து மெஷினில் படுக்கிற அக்தரி பேகம் போன செவ்வாய் வரவில்லை. நர்ஸைக் கேட்டேன். வேறு பேச்சுப் பேசினாள். அந்தக் கட்டிலில் இப்போது வேறு ஆள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. யாரிடம் சொல்வது, உன்னிடம்தான் சொல்கிறேன்.

நீ வந்து இரண்டு மாதம் ஆகிறது. குடோன் தராசு போதாது. அடுத்த மாதம் ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏற வேண்டும். ஜெமியிடம் மனம் விட்டுப் பேசினாயா? அவள் சம்மதம் இல்லாமல் எனக்கு எதுவும் வேண்டாம்.

அக்கா,
ஃபீபி


ஆம்பூர்
5.9.1999

அன்புள்ள அக்காவுக்கு,

எண்பத்தொன்பது. இப்போதைக்கு அவ்வளவுதான் எழுத நேரம்.

ஒன்று கேட்க வேண்டும். கொடுத்தவர்கள் அப்புறம் எப்படி இருக்கிறார்கள்? லோடிங்கில் இருக்கிற முனிரத்தினம் சொன்னார், அவர் ஊரில் ஒருத்தன் கொடுத்துவிட்டு இன்று வரை மூட்டை தூக்க முடியவில்லையாம். சும்மாதான் கேட்கிறேன். ரெனால்டுக்கு நாலு வயதுதானே ஆகிறது.

இருபத்தெட்டாம் தேதி வருகிறேன்.

ஜோவின்


வேலூர்
29.9.1999

ஜோவினுக்கு,

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோபம் இருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரி எடை மெஷின் நூற்றிரண்டு காட்டியதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். நீ என் முகத்தைப் பார்க்காமல், "குடோன் தராசு சார். உப்புக்குன்னு கழிச்சித்தான் காட்டும். மறந்துட்டேன்" என்றாய். அம்மாவும், "ஆமா டாக்டர், அது அப்படித்தான்" என்று உனக்கு ஒத்து ஊதினார்கள்.

வாங்குகிற பச்சைத் தோலில் உப்பும் ஈரமும் இருக்கும் என்று நாலு கிலோ குறைத்துக் காட்டும்படி அந்தத் தராசை வைத்திருப்பார்கள். அப்பா சாகிற வரைக்கும் அந்தக் குடோனில்தான் வேலை பார்த்தார். நீயும் நானும் அந்தத் தராசில் ஏறி விளையாடியவர்கள். நீ மறந்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன். எண்பத்தொன்பதோடு நாலைக் கூட்டினால் தொண்ணூற்று மூன்று. மீதி ஒன்பது கிலோ எங்கிருந்து வந்தது?

ராத்திரி உன் கணக்கை மறுபடி போட்டேன். ஆயிரத்து ஐந்நூறில் நின்றிருந்தால் குறைந்திருப்பாய். பழையபடி சாப்பிட்டிருந்தால் அதே எடையில் இருந்திருப்பாய். தொண்ணூற்றெட்டிலிருந்து நாலு கிலோ ஏற வேண்டுமென்றால் பழைய சாப்பாட்டுக்கு மேலேயும் தினம் தின்றிருக்க வேண்டும். இது ஆசையில் தின்றது இல்லை தம்பி. பயத்தில் தின்றது.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் இட்லி எண்ணிக்கொண்டு மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். உன் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். 'எடை குறையவில்லை' என்று எழுதிக்கொண்டார். நீ பயந்தாய் என்று எங்கேயும் எழுதவில்லை. அம்மாவிடம் எல்லாம் தராசின் தப்பு என்று சொல்லிவிட்டேன். நீயும் ஜெமியிடம் அதையே சொல். பாவம், அவள் நிம்மதியாக ஜெபிக்கட்டும்.

மெஷினோடு எவ்வளவு நாள் ஓடும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வா. அம்மா கறிக்குழம்பு வைப்பார்கள். என் எதிரில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. இனி நான் எண்ண மாட்டேன்.

அக்கா


வேலூர்
11.10.1999

அன்புள்ள தம்பி ஜோவினுக்கு,

போன ஞாயிறும் நீ வரவில்லை, நேற்றும் வரவில்லை. பதிலும் இல்லை. வெட்கமாக இருக்கும், தெரியும். என் கோபம் போய்விட்டது. நீ வராததுதான் இப்போது பேஜாராக இருக்கிறது.

இரண்டு தரமும் அம்மா உனக்குத் தட்டு போட்டு மூன்று மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று உன் பங்கை நானே என் தட்டில் போட்டுக்கொண்டேன். மேடம் ஜாஸ்தி சாப்பிடச் சொன்னாரே. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

வருகிற ஞாயிறும் குழம்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா,
ஃபீபி